மூன்றாவது மூட்டை

காலையில் லாரி வந்துவிடும். சாமான்கள் கலந்துபோகாமலிருக்க, மைரா மூட்டைகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டினாள். கணவனுக்குக் கறுப்பு, தனக்குச் சிவப்பு. மூன்றாவதாக ஒரு சின்ன மூட்டைக்கு மஞ்சள் கட்டும்போது ஐந்து வயது அகேர்கே ஓடிவந்தாள்.

"அண்ணி, அதுல என் கம்பளிக் கோட்டு இருக்கு! அதை ஏன் கட்டுற?"

"நீயும் எங்களோட அல்மாட்டி பட்டணத்துக்கு வா. அங்க பூமிக்கு அடியில ரயில் ஓடும்."

"அம்மா வருவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப நீயே போ! அம்மா பக்கத்துல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மைரா மஞ்சள் துணியை வெடுக்கென்று இறுக்கினாள். "எப்பப் பாரு அம்மா, அம்மா! நான் தலை வாரினா வலிக்குது, அம்மா வாரினா மட்டும் வலிக்காதோ?"

சத்தம் கேட்டு மாமியார் சௌலே மாவுக் கையோடு வந்தாள். குழந்தை ஓடிப்போய் அவள் பின்னால் ஒளிந்துகொண்டது.

"சின்னப் பிள்ளைகிட்ட என்னம்மா சண்டை?"

"இந்தக் குளிர்காலம் மட்டுமாவது அனுப்புங்க அத்தை. கெஞ்சிக் கேக்குறேன்."

சௌலே மருமகளின் காதருகே குனிந்தாள். "தலைப்பிள்ளை மாமியாருக்குத்தான். நம்ம வழக்கம் தெரிஞ்சுதானே இவளைப் பெத்து என் மடியில குடுத்த?"

மைரா மூட்டையை அவிழ்த்து, கோட்டை எடுத்து நீட்டினாள்.

அகேர்கே அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாத அண்ணி. நீயும் ஒரு பாப்பா பெத்துக்கோ."