கிளிநொச்சிக் காது

யூடியூப்பில் யதுசனுக்குக் ‘கிளிநொச்சிக் காது’ என்று பட்டப்பெயர். இயர்போனுக்கு அவன் சொல்வதுதான் தீர்ப்பு. அன்று ஒரு தங்கச் சங்கிலி விலையில் ஓர் இயர்போன் வந்திருந்தது. பிழையாக ஏதும் சொன்னால் பெயர் நாறிவிடும். வலப்பக்கத்தைத் தான் மாட்டிக்கொண்டு, இடப்பக்கத்தை மனைவி கௌசலாவின் காதில் வைத்தான்.

படம் பிடிக்க வந்திருந்த அவளுடைய தம்பி லக்ஷன் சிரித்தான். “அத்தான், காதலிக்கிற நேரமே இது?”

“சத்தம் போடாதையடா. கௌசி, என்ன கேக்குது?”

“வீணை. நுளம்பு ரீங்காரம் மாதிரிச் சன்னம், ஆனால் ஒவ்வொரு மீட்டலும் விளங்குது.”

யதுசன் இரண்டையும் மாட்டிக்கொண்டு கமராவுக்கு முன்னால் கனைத்தான். “நேயர்களே, இடப்பக்க உயர் அதிர்வெண்களில் அபாரத் துல்லியம்!”

படப்பிடிப்பு முடிந்தும் லக்ஷன் விடவில்லை. “அக்கா சொன்னதுக்கு வேட்டி சால்வை உடுத்தி விட்டிட்டீங்கள். நீங்களே ரெண்டு பக்கமும் கேட்டால் என்ன?”

யதுசன் இயர்போனைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். கௌசலா தம்பியைக் குசினிக்குள் இழுத்துப் போனாள்.

“சின்னனில, சண்டை நேரம், பக்கத்தில செல் விழுந்து வெடிச்சதில அவருக்கு இடக்காது துப்பரவாக் கேக்காதடா. வெளியில தெரிஞ்சால் அவற்ற கதையை ஆர் கேப்பினம்?”

லக்ஷனின் சிரிப்பு அடங்கியது. “எப்பிடியக்கா சமாளிக்கிறாய்?”

“எங்க போனாலும் அவருக்கு இடப்பக்கம்தான் நிப்பன். ஏச வேணுமெண்டால் மட்டும் வலப்பக்கம் போவன்.”