மொட்டைமாடியில் ஈரம்

“தண்ணி என்ன தானா படியேறி வந்து மெஷினைச் சுத்தி நின்னுச்சா?”

பெரியவள் போட்ட சத்தம் மூன்றாவது தெருவரை போயிற்று.

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே தனியாக ஒரு சண்டை போடலாம்.

ஓரகத்திகளுக்குச் சண்டை புதிதல்ல. கீழ்வீட்டில் பெரியவள், மேல்வீட்டில் சின்னவள். கொடிக்கயிறு, குப்பை வாளி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒரு சுற்று ஆகியிருந்தது. அன்றைக்கு மொட்டைமாடியில், தூசி அளக்கும் மெஷின் பக்கத்தில்.

மெஷின் வந்ததே பெரியவளால்தான். ஏழு வயது மகனுக்கு இழுப்பு. நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தெருவில் பறக்கிற தூசிதான் காரணம் என்றார் டாக்டர். தூசிக்குக் காரணம் இரும்பு உருக்காலை என்று தெருவுக்கே தெரியும். வீடு வீடாக ஏறி இறங்கி நூற்றுப்பத்துக் கையெழுத்து வாங்கி, மனு கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்காரர்களைத் தூங்கவிடாமல் அடித்தாள்.

கையெழுத்துப் போடாத ஒரே வீடு மேல்வீடு. சின்னவள் புருஷனுக்கு அந்த ஆலையில்தான் வேலை.

பத்து நாள் அளப்பார்கள். சராசரி நூறைத் தாண்டினால் ஆலைக்குப் பூட்டு.

அளக்க வந்தவருக்குத் தூசிக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. நடுத்தெருவில் சாக்பீஸால் ஒரு சதுரம் போடுவார். அதற்குள் மட்டும் சின்னப் பிரஷ்ஷால் கூட்டி, வந்த தூசியைத் தங்கப்பொடி மாதிரி கவரில் போட்டு ஒட்டுவார். மிச்சத் தெருவை யார் கூட்டுவது என்று கேட்டவர்களைச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி நிற்கச் சொல்வார். மாடியில் மெஷினுக்குள் காலையில் வெள்ளைத் தாள் வைப்பார். மறுநாள் அது சாம்பல் நிறத்தில் வெளியே வரும். முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு தூசி என்று தெரிந்துவிடும்.

பத்தாம் நாள் பெரியவளின் தையல் கம்பெனியில் கரண்ட் போயிற்று. ஆறு மணிக்கு வருகிறவள் மூன்றரைக்கே வந்துவிட்டாள்.

தெரு ஈரம். மேலே ஏறினாள். மொட்டைமாடியும் ஈரம். ஹோஸ் பைப் கைப்பிடிச் சுவரில் தொங்கியபடி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆலை லாரிகள் மூன்று மணிக்கு மேல்தான் வரிசை கட்டும். அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்தே தெருவை நனைத்து வைத்தால் தூசி எங்கிருந்து எழும்பும்? மெஷின் எதைக் காட்டும்?

பகலில் மேலே இருப்பது சின்னவள் ஒருத்திதான். கீழே முன்பக்கத்து சைக்கிள் கடையில் பெரியவள் புருஷன் இருப்பார். ஆனால் அவரை ஆள் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை, பெரியவள் உட்பட.

சத்தம் கேட்டுத் தூசிக்காரர் பக்கத்துத் தெருச் சதுரத்தைப் பாதியில் போட்டுவிட்டு மேலே வந்தார். ஈரத்தைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. தான் பார்த்தது ஒரு நாள் ஈரம், ஒரு தாளைத்தான் தள்ள முடியும் என்றார். தினமும் தண்ணீர் விட்டது நான்தான் என்று ஆளே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் பத்து நாளையும் தள்ளிவிட்டு மறுபடி அளக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றார்.

பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கொடியிலிருந்த துணியை எடுத்து மடித்தாள்.

“நான் ஊத்தலக்கா. ஊத்தாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

அதற்குப் பிறகு பெரியவள் பேசியதை எழுதினால் காகிதம் கருகும். புருஷன் வேலைக்காக ஒரு பிள்ளையின் மூச்சை நிறுத்தப் பார்க்கிறவள் என்றாள். உனக்கென்று ஒன்று பிறந்திருந்தால் தெரியும் என்று, சொல்லக்கூடாததையும் சொன்னாள்.

சின்னவளின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

பெரியவள் புருஷன் மேலே வந்திருந்தார். படி முடிகிற இடத்தில் நின்று கிரீஸ் கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

இங்க பாரு என்று ஏதோ ஆரம்பித்தார்.

“நீங்க வாயைத் தொறக்காதீங்க. தம்பி பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்க ஏறி வந்துட்டீங்களாக்கும்.”

அவர் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனார். ஒன்பது வருஷப் பழக்கம்.

சராசரி தொண்ணூற்றேழு வந்தது. ஆலை ஓடியது. பையன் அந்த வருஷம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தான்.

தூசிக்காரர் மூன்றாவது தெரு டைப்பிஸ்ட் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். வீட்டையாவது முழுசாகக் கூட்டச் சொல்லி அவள் நச்சரிப்பதாகக் கேள்வி. பெரியவள் சின்னவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டை கட்டி, ஆலையும் லாரியும் இல்லாத தன் தங்கை ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டாள். சின்னவள் இப்போது கீழ்வீட்டையும் சேர்த்து ஆள்கிறாள்.

போன இடத்திலும் புருஷன் வீட்டு முன்பக்கத்தில் சைக்கிள் கடை போட்டார். பெரியவளுக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. முதல் வாரம் பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தாள்.

மூன்று மணிக்குப் புருஷன் கடையிலிருந்து எழுந்தார். குழாயில் ஹோஸைச் செருகினார். வாசலை நனைத்தார், தெருவை நனைத்தார். பள்ளிக்கூடம் விட்டுப் பையன் நடந்து வருகிற வழியைப் பைப் எட்டும் தூரம்வரை நிதானமாக நனைத்தார். தூசி என்று பெயருக்குக்கூட ஒன்றுமில்லாத தெரு.

பெரியவள் வாசற்படியில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“அன்னிக்கு மாடியில என்னமோ சொல்ல வந்தீங்களே,” என்றாள். “என்னது?”

அவர் குழாயை மூடினார். கை துடைக்கத் துணி தேடினார்.