சலுகையை எழுதிய மகராசி

மனைவி மதியமே வீடு திரும்பியதில் விளக்குக் கடைக்காரருக்கு ஒரே குஷி. ரகசியத்தை இனியும் அடக்கிவைத்தால் வயிறு வெடித்துவிடும் போலிருந்தது.

"இங்க பாரு. என் கடை மெஷின்லயே என் கார்டைத் தேய்ப்பேன். விளக்கு வித்த மாதிரி பணம் என் கணக்குக்கு வந்துடும். அதை வச்சே கார்டு பில்லைக் கட்டிடுவேன். கேஷ்பேக் மட்டும் நம்மகிட்டயே நின்னுடும்!"

"விளக்கு?"

"அது அலமாரியை விட்டு நகரவே நகராது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"தப்பில்லையாங்க?"

"கடல்ல ஒரு சொம்பு மோந்தா கடலுக்குத் தெரியவா போகுது? இப்படி ஓட்டை விட்டுச் சலுகை எழுதினானே, அந்த மகராசன் நல்லா இருக்கணும்!"

அவள் தோளில் தொங்கிய கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"மகராசன் இல்லீங்க, மகராசி. உங்க கார்டு எங்க பேங்க் கார்டுதானே? அந்தச் சலுகையை எழுதினதே நான்தான்."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. "நீயா? சொல்லவே இல்லையே!"

"வேலை விஷயத்தை வீட்ல பேசக் கூடாதுன்னு விதி. நான் பேசல. ஆனா நீங்க கார்டு தேய்ச்சதைக் கண்டுபிடிச்சு, புருஷனுக்காகவே ஓட்டை வச்சேன்னு சொல்லி, இன்னைக்கு என்னை வேலையை விட்டே தூக்கிட்டாங்க."

"ஐயையோ! உனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நான் வந்து சொல்றேன்."

"நானும் அதையேதான் சொன்னேன். 'ஒரே வீட்ல இருந்துகிட்டா?'ன்னு சிரிச்சாங்க."