மேடையிலும் பக்கத்திலும்

பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் அன்று அவன் மனைவியின் பொதுச் சொற்பொழிவு. நதிகள் ஏன் பாதை மாறுகின்றன என்று ஊர் மக்களுக்குச் சொல்லப்போகிறாள். பேருந்து ஓட்டுநரான அவன், தன் முறைக்கு வேறொருவரைக் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான்.

"பயமா இருக்குங்க. நானும் உங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டா தேவலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் மேடையேறினாள்.

விளக்குகள் மங்கின. அவள் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில், காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தான். அவள்தான். அதே நீலப் புடவை. மேடையிலும் அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசுறேனா?" என்று காதோரம் கேட்டாள்.

"பிச்சு உதறுற" என்றான்.

பாதியில் மேடையில் இருந்தவளுக்குப் பேச்சு நின்றுபோயிற்று. எங்கோ யாரோ இருமினார்கள். அவன் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தான். பக்கத்தில் இருந்தவள் பதறவில்லை.

"தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிச்சிடுவேன், பாருங்க."

மேடையில் அவள் தண்ணீர் குடித்தாள். அப்புறம் மடை திறந்ததுபோல் பேசித் தீர்த்தாள்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நெஞ்சு விம்ம அவனும் எழுந்தான்.

"ஏங்க, நீங்க தட்டலையா?" என்றார் பின்வரிசைக்காரர்.

"பேசினது என் வீட்டுக்காரிதாங்க" என்றான் பெருமையாக. தட்டத்தான் முடியவில்லை. அவன் கையை அவள் இன்னும் விடவில்லை.