கேட்பவர் ஒருவர்

“எழுநூறு பேர் முன்னாடி மைக்கைப் பிடிச்சுப் பொளந்து கட்டுறவ நீ. ஒரே ஒரு ஆள்கிட்ட பேச இப்படி உதறுறியே!”

ஆபரேஷன் தியேட்டர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்த அண்ணன், பரிசோதனைக்கூட மேஜையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து டீயை உறிஞ்சினார். அதே மருத்துவமனையில் அவர் சர்ஜன். தங்கை, உடலிலிருந்து எடுத்த திசுக்களைச் சோதித்து நோய் சொல்லும் டாக்டர். மாநாடுகளில் அவள் பேச்சுக்குத் தனிக் கூட்டம் உண்டு. நோயாளிகளை நேரில் பார்ப்பதுதான் அபூர்வம்.

“மேடையில யாரும் குறுக்க கேக்க மாட்டாங்கண்ணா. நான் பாட்டுக்குப் பேசிட்டு இறங்கிடுவேன்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னைக்கு ஆபரேஷன் எல்லாம் முடிஞ்சுதுல்ல?”

“முடிஞ்சுதுன்னு இப்பதானே சொன்னேன்? ரிப்போர்ட்டை அனுப்பிட்டா அவங்க டாக்டர் சொல்லிக்கிறார். உனக்கெதுக்கு இந்த வம்பு?”

“தெரிஞ்சவங்க. ‘எங்க வீட்டுக்காரர்கிட்ட நீயே சொல்லிடு, எனக்கு வாய் வராது’ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. தட்ட முடியல.”

“சரி, நான்தான் அந்த வீட்டுக்காரர்னு வச்சுக்கோ. சொல்லு பார்ப்போம்.”

அவள் எழுந்து நின்று தொண்டையைச் செருமினாள்.

“உங்கள் மனைவியின் மார்பகக் கட்டியை ஆய்வு செய்ததில், உயிரணுக்களில் சில மாற்றங்கள் காணப்படுவதை...”

“நிறுத்து, நிறுத்து! மேடை ஏறிட்ட. முதல்ல உட்காரு. ‘காணப்படுவதை’ன்னு வீட்ல யாராவது பேசுவாங்களா? அந்த மனுஷன் உன் தமிழைக் கேக்க வரலம்மா.”

உட்கார்ந்தாள்.

“அந்தக் கட்டி... நல்ல கட்டி இல்லைங்க. கேன்சர். ஆனா சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம், இப்ப நல்ல மருந்தெல்லாம் இருக்கு, பயப்படவே...”

“கொஞ்சம் மூச்சு விடு! கூட்டத்துல நீ பேச்சை நிறுத்தினா எழுந்து போயிடுவாங்க. இங்க நிறுத்தினாத்தான் அந்த ஆளுக்கு நீ சொன்னதே உள்ள இறங்கும். ‘கேன்சர்’னு சொன்னியா, வாயை மூடு. அப்புறம் அவர் என்ன கேக்கிறாரோ அதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

“ஒண்ணுமே கேக்கலைன்னா?”

“கேக்காம உட்கார்ந்திருந்துட்டுப் போறார். நீ எழுந்து ஓடாம பக்கத்துல இருந்தா போதும்.”

அவள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். இந்த முறை அவர் குறுக்கிடவில்லை. கடைசி மடக்கு டீயைக் குடித்துவிட்டுக் காகிதக் கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

“இது போதும். பாவம், அந்த ஆள் எப்படித் தாங்கப் போறாரோ. வேணும்னா நானும் கூட வர்றேன். வெளியிலயா உட்கார வச்சிருக்க?”

தங்கை எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“வெளியில யாரும் இல்லண்ணா. போன வாரம் அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போறதா உங்ககிட்ட சொன்னாங்கல்ல... அங்க போகல, என்கிட்டதான் வந்தாங்க.”