மரத்தில் ஏறாத வரிகள்

"பழைய நிரலைத் திருத்துற கருவி நேத்தே முடிஞ்சிருக்கணுமேம்மா?" என்றார் மேலாளர்.

"முடிஞ்சிடுச்சு சார். ஜாவா நிரலை மரம் மாதிரி கிளைகிளையாப் பிரிச்சு, வேண்டிய கிளையை மட்டும் மாத்தி, திரும்ப எழுதிடுது. ஆனா நடுநடுவே மனுஷங்க எழுதி வெச்ச குறிப்புகள் மரத்துல ஏறலை, உதிர்ந்துடுது. அதைத் திரும்ப அந்தந்த இடத்துல ஒட்டிக்கிட்டிருக்கேன்."

பிள்ளைகளை வளர்த்துவிட்டு, பல வருடம் கழித்து வேலைக்கு வந்தவள். மேலாளருக்கு எரிச்சலாக இருந்தது.

"கம்ப்யூட்டருக்குக் குறிப்பு எதுக்கு? எவனோ வேலைவெட்டி இல்லாதவன் கதை எழுதி வெச்சிருக்கான். உதிரட்டும், விடுங்க."

"மாட்டேன் சார். சேர்ந்த புதுசுல எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ராஜினாமா எழுதப் போனேன். அப்பதான் இது கண்ணுல பட்டுச்சு." திரையைப் பார்த்து வாசித்தாள். "'புதுசா வந்தவங்களா? புரியலைன்னு பயப்படாதீங்க. நாலஞ்சு தடவை படிச்சப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது.' இப்படியே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார் சார். அவருக்கு இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லலை."

"சொல்லிட வேண்டியதுதானே? யாரு அந்த மகானுபாவன்?"

அவள் ஒரு விசையைத் தட்டினாள். குறிப்பை எழுதியவரின் பெயர் வந்தது. மேலாளரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலும் அதே பெயர்தான் இருந்தது.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் அவள்.

எத்தனையோ வருடத்துக்கு முன்னால், இதே அறையில் திருதிருவென விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவன் மேலாளரின் நினைவுக்கு வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூட உதிரக் கூடாதும்மா."