அவரைக்கொடிக்குக் காவல்

"கொடியைக் கண்ணாப் பாத்துக்கோ" என்று மாமியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதோ, மாமனாரோடு திரும்பி வரும் நேரம். அவரைக்கொடி முழுக்கக் கறுப்பாக, முள் முள்ளாகப் புழுக்கள்! மருமகள் ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

வந்ததும் மாமியார் நேராகக் கொடியிடம் போனார்.

"எங்கேடி அந்தக் கறுப்புப் புழுவெல்லாம்?"

"கொ... கொன்னுட்டேன் அத்தை."

"அடிப்பாவி! கொடியோட சாற்றை உறிஞ்சுற அசுவினிப் பூச்சியைத் தின்னட்டும்னு உன் மாமனார் தேடி வாங்கி விட்ட பொறிவண்டுப் புழுடி அது!"

மருமகளுக்கு அழுகை முட்டியது.

வாசலில் மாமனார் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"அழாதே. போன தடவை நான்தான் நசுக்கினேன். எறும்பு தின்னுடுச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். இந்தத் தடவையும் எறும்பே தின்னதா இருக்கட்டும்."